ஐந்து மாதச் சம்பளத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு: வாங்கிய பிறகு வரும் கணக்கு

கணினி வாங்கவோ பழையதை மாற்றவோ லோயாட் பிளாசா பக்கம் போய்வரும் நம் இளைஞர்கள் கடந்த ஆண்டின் இறுதியிலிருந்து ஒரே புலம்பலோடுதான் வீடு திரும்புகிறார்கள். ரேம் விலை ஏறிவிட்டது, எஸ்எஸ்டி விலை ஏறிவிட்டது, கிராபிக்ஸ் கார்டைக் கேட்கவே வேண்டாம் என்கிறார்கள்.

இது கடைக்காரர்கள் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்காரர் பங்கு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் விலை ஏறுவது வேறு இடத்திலிருந்து. 2025 டிசம்பர் 3ஆம் தேதி, அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் 'குரூஷல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகிவிட்டதால் பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போகிறோம் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. கிராபிக்ஸ் கார்டுக்குள் இருப்பதும் அதே குடும்பத்து நினைவகச் சில்லுகள்தாம்.

'வரைகலை அட்டை' என்று கலைச்சொல் உண்டு. தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கும் அதை எழுத ஆசைதான். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு கடையில் போய் அப்படிக் கேட்டால் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைக்கு வழி காட்டுவார்கள். எனவே இந்தக் கட்டுரை முழுக்க கிராபிக்ஸ் கார்டு என்றே இருக்கட்டும். கணினித் திரையில் நாம் பார்க்கும் படத்தை வரைந்து தருகிற தனிக் கணக்குப்பொறி அது. விளையாட்டுக்கென்று வந்தது, இன்று வீடியோ வெட்டி ஒட்டவும் அனிமேஷன் செய்யவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வீட்டிலேயே ஓட்டவும் பயன்படுகிறது.

இதன் உச்சியில் இருப்பது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5090. 2025 ஜனவரி 30ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. நிறுவனம் சொன்ன தொடக்க விலை 1,999 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 8,800 ரிங்கிட். அதற்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1ஆம் தேதி, நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து மாதச் சம்பளத்தைக் கூட்டினால் 8,500. அது கூட ஊழியர் சேமநிதி பிடிப்பதற்கு முந்திய தொகை. கையில் வாங்கும் பணத்தைக் கணக்கிட்டால் ஆறு மாதத்தைத் தொடும். அதுவும் காகிதத்தில் உள்ள விலைக்கு. நடைமுறையில் நம் கடைகளில் இந்தக் கார்டு பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டித்தான் கிடைத்தது.

ஒரு தோட்டத்துப் பையன் இதை வாங்கப் போகிறானா என்று கேட்கலாம். போகிறான். அவனே இல்லாவிட்டாலும் தோட்டத்தை விட்டு வந்து கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பகுதிகளில் வேலை செய்யும் அவன் அண்ணன் வாங்குகிறான். கிரெடிட் கார்டில் தவணை, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டம், கூட்டுக்காசு எடுத்த பணம், அப்பாவின் ஓய்வுத்தொகையில் ஒரு பங்கு என்று வழிகள் பல. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் தொழிலுக்காக வாங்குகிறார்கள். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளை, "இது இருந்தால்தான் பாடம் செய்ய முடியும்" என்று வீட்டில் சொல்கிறது. அந்தப் பேச்சு சரியா தவறா என்று எடைபோடப் பெற்றோருக்கு வழி தெரிவதில்லை.

யாருக்காகச் செய்கிறார்கள்?

விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு என்விடியாவின் சொந்தக் கணக்கறிக்கையே பதில் சொல்கிறது. 2021 அக்டோபரில் முடிந்த காலாண்டில் அந்த நிறுவனத்தின் வருமானம் 710 கோடி டாலர். அதில் விளையாட்டுக்கான கார்டுகள் தந்தது 322 கோடி. தரவு மையம் 294 கோடி. அப்போது விளையாட்டுக்காரன்தான் பெரிய வாடிக்கையாளன். நான்கு ஆண்டு கழித்து 2025 அக்டோபரில் முடிந்த காலாண்டில் மொத்த வருமானம் 5,700 கோடி டாலர். தரவு மையம் 5,120 கோடி. விளையாட்டு 430 கோடி. நூறு டாலரில் ஏழரை டாலர்தான் நம்மைப் போன்றவர்களிடமிருந்து போகிறது. விளையாட்டு விற்பனையும் வளர்ந்துதான் இருக்கிறது என்றாலும், சில்லும் நினைவகமும் பற்றாக்குறையாக இருக்கும் காலத்தில் ஒரு நிறுவனம் யாருக்கு முதலில் கொடுக்கும் என்பதை ஊகிக்கப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

இந்தத் தரவு மையங்கள் எங்கோ அமெரிக்காவில் மட்டும் இருப்பவை என்றும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் கோலாலம்பூர் வந்து பிரதமர் டத்தோஸ்ரீ அன்வாரைச் சந்தித்தார். அதே வாரத்தில் ஒய்டிஎல் குழுமம் என்விடியாவுடன் சேர்ந்து ஜொகூர், கூலாயில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. மதிப்பு 2,000 கோடி ரிங்கிட். அந்த வளாகம் எழும்பும் நிலம் 'கூலாய் யங் எஸ்டேட்'. பவுஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் வைத்திருந்த 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்தச் செம்பனைத் தோட்டத்தை ஒய்டிஎல் 2021இல் வாங்க ஒப்பந்தம் செய்தது. செம்பனை நின்ற மண்ணில் இன்று 5090இன் பெரிய அண்ணன்கள் வரிசை வரிசையாக அடுக்கப்படுகிறார்கள். அந்த அண்ணன்களுக்குப் போய் மிஞ்சிய சில்லும் நினைவகமும்தான் லோயாட்டுக்கு வருகின்றன.

இதில் அரசியலும் கலந்திருக்கிறது. 2023 அக்டோபரில் அமெரிக்கா விதித்த கட்டுப்பாட்டில் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற வீட்டுப் பயன்பாட்டுக் கார்டுகூடச் சீனாவுக்குப் போகக் கூடாத பட்டியலில் சேர்ந்தது. தடை வந்த பொருளுக்குத் தனிச் சந்தை உருவாவது வழக்கம். 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரில் மூவர் மீது மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. என்விடியா சில்லுகள் இருந்திருக்கக்கூடிய சர்வர்களின் இறுதிப் பயனாளர் யார் என்பதில் பொய் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சர்வர்கள் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு அனுப்பப்பட்டதாக அந்நாட்டு அமைச்சர் கா. சண்முகம் அப்போது தெரிவித்தார். அதே ஆண்டு ஜூலை 14ஆம் தேதி நம் முதலீடு, வாணிக, தொழில்துறை அமைச்சு, அமெரிக்காவில் தோன்றிய உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை ஏற்றுமதி செய்யவோ நம் நாட்டு வழியாக மாற்றி அனுப்பவோ அனுமதி தேவை என்று அறிவித்தது. 30 நாளுக்கு முன்பே தகவல் கொடுக்க வேண்டும்.

வெளியே போகும் சில்லைக் கண்காணிக்க ஏற்பாடு வந்துவிட்டது. உள்ளே வாங்குகிறவன் கையில் என்ன கிடைக்கிறது என்பதைத் தனியாகக் கவனிக்க யாரும் இல்லை. அதை அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரைஸ் குக்கரும் வாட்டர் ஹீட்டரும்

வாங்கியவர்களிடம் பேசினால் முதல் வாரம் முழுக்க மகிழ்ச்சிதான். அதன் பிறகு சின்னச் சின்னச் சங்கதிகள் தொடங்கும். கார்டு ஓரடிக்கு மேல் நீளம், கணினிப் பெட்டியின் மூடி சாத்தவில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, ஒரு பக்கம் தொங்குகிறது, கீழே முட்டுக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த பவர் சப்ளை போதாது. 5090க்கு என்விடியா பரிந்துரைப்பது 1,000 வாட். அதற்குத் தனியாக ஒரு தொகை. சிலவற்றில் வேலை மும்முரமாகும்போது கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். அது பழுதாகக் கருதப்படாததால் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள்.

இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. சூடு அப்படியல்ல. 5090 அதிகபட்சம் 575 வாட் இழுக்கும். நம் வீட்டு ரைஸ் குக்கர் ஏறக்குறைய அதே அளவு. சோறு வெந்ததும் குக்கர் நின்றுவிடும். இது விளையாட்டு முடியும்வரை நிற்காது. நான்கு மணி நேரம் ரைஸ் குக்கரை மூடிய அறையில் கொதிக்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு யூடியூப் விமர்சகர்கள் 20, 22 டிகிரி அறையில் சோதித்துச் சொல்லும் அளவுகள் கிள்ளானில் தகரக் கூரைக்குக் கீழே 32 டிகிரி அறையில் பொருந்தா. அறை பத்து டிகிரி கூடினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். ஒரு கட்டத்தில் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, கார்டு வாங்கியவர் அடுத்து ஏர்கோன் போடுகிறார்.

இனி மின்சாரக் கட்டணம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய கட்டண முறை நடப்பில் இருக்கிறது. மாதம் 1,500 அலகுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் அலகுக்கு 44.43 சென். முழுக் கணினியும் திரையும் சேர்த்து 750 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 90 அலகு, 40 ரிங்கிட். இதுவரை பரவாயில்லை. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அதே நேரம் ஓடினால் இன்னொரு 40 ரிங்கிட்.

ஆனால் கணக்கு 80 ரிங்கிட்டோடு நிற்பதில்லை. புதிய முறையில் 600 அலகு என்பது ஒரு கோடு. அதற்குள் இருக்கும் வீட்டுக்கு மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் கிடையாது, எரிபொருள் விலைக்கேற்ப மாறும் சரிக்கட்டல் கட்டணமும் கிடையாது. தாண்டினால் இரண்டும் வரும். 600க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்கான தள்ளுபடி பயன்பாடு ஏற ஏறச் சுருங்கி, 1,000 அலகுக்கு மேல் இல்லாமலே போகும். மாதம் 500 அலகு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இந்த 180 அலகைச் சேர்த்ததும் கோட்டைத் தாண்டிவிடுகிறது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் வரும். கார்டின் மூன்றாண்டு உத்தரவாதக் காலத்துக்கு 3,600 ரிங்கிட். பில் பெரும்பாலும் அப்பா பெயரில் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்துக்கு மாறி இரவு 10 மணிக்குப் பிறகு விளையாடினால் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் அலகுக்கு 4 சென் அளவுதான். தூக்கம் கெடுவதற்கு அது ஈடாகாது.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. கார்டின் மென்பொருளிலேயே மின் வரம்பை 75 அல்லது 80 விழுக்காட்டுக்கு இறக்கி வைக்கலாம். வேகம் சில விழுக்காடுதான் குறையும். கண்ணுக்குத் தெரியாது. சூடும் பில்லும் குறையும். உச்ச வேகத்துக்காகப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு அதைக் குறைத்து ஓட்டுவதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதே. இருந்தாலும் நம் ஊர்ச் சூட்டுக்கு இதுதான் சரி.

அடுத்தது உருகும் பிளக். 4090 வந்த 2022 அக்டோபரிலேயே தொடங்கிய பிரச்சினை இது. மின்சாரம் ஏறும் 16 முனைச் சிறிய பிளக் சிலருக்கு உருகிக் கருகியது. ஏறக்குறைய 50 புகார்கள் வந்துள்ளன, பிளக் முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்று அந்த நவம்பரில் என்விடியா சொன்னது. 2023இல் பிளக்கின் வடிவம் சற்றே திருத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் கேபிள்மோட் என்ற நிறுவனத்தின் வளைவு அடாப்டர்கள், ஏறக்குறைய 25,300, அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. 272 புகார்கள் பதிவாகியிருந்தன. 2025 பிப்ரவரியில், 5090 வந்த சில நாளிலேயே, மீண்டும் உருகிய படங்கள் வெளிவந்தன.

இதன் உள்விவகாரம் எளிது. 600 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோனால் 3 ஆம்பியர்கூட வராது. கணினிக்குள் ஓடுவது 12 வோல்ட். அதே 600 வாட்டுக்கு 50 ஆம்பியர் ஓட வேண்டும். நம் குளியலறை வாட்டர் ஹீட்டரே 15, 16 ஆம்பியர்தான். அந்த 50 ஆம்பியரை விரல் நுனி அளவுள்ள ஆறு முள்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எட்டேகால். ஒரு முள்ளின் தாங்குதிறன் 9.5 ஆம்பியர். அத்தனை முள்ளும் ஒழுங்காகப் பொருந்தினால் தாங்கும். ஒன்றிரண்டு சரியாகத் தொடாவிட்டால் மற்றவை சுமையை ஏற்கும். ஜெர்மனியின் கணினி வல்லுநர் ஒருவர் 5090இல் அளந்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ கார்டில் ஆறு கம்பிகளையும் மூன்று ஜோடியாகப் பிரித்துக் கண்காணிக்கும் அமைப்பு இருந்தது. பிறகு வந்தவற்றில் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டன. பயனர் சரியாகச் செருகவில்லை என்ற விளக்கம் பல சம்பவங்களில் உண்மையாக இருக்கலாம். ஐந்து மாதச் சம்பளத்துக்கு விற்கும் பொருளில் அந்தத் தவறைத் தாங்கும் அளவுக்கு இடம் விட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே பிளக் 'கிளிக்' என்று உள்ளே போய் இடைவெளியின்றி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளக்குக்கு அருகிலேயே கம்பியை மடக்கிப் பெட்டியை மூடக் கூடாது. பவர் சப்ளையோடு வந்த கம்பியையே பயன்படுத்த வேண்டும். பழைய மலிவு விலை வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் இருப்பவர்கள் கணினி, ஏர்கோன், அயன் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மின்னல் அதிகமான வட்டாரங்களில் ஒன்று. மின்னல் தாக்கிய கார்டுக்குப் பொதுவாக உத்தரவாதம் பேசாது. மழை கட்டும்போது பிளக்கைக் கழற்றச் சொன்ன பாட்டியின் பேச்சு இதற்கும் பொருந்தும்.

பழையதை வாங்குகிறவர்கள்

புதியது கட்டுப்படியாகாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். பழைய சந்தைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15ஆம் தேதிவரை ஈத்தரியம் என்ற மின்னியல் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டு கொண்டு 'தோண்ட' முடிந்தது. அன்று அந்த முறையையே அவர்கள் மாற்றிவிட்டார்கள். இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஒரே மாதத்தில் சந்தையில் கொட்டப்பட்டன. மின்சாரத்தைத் திருடித் தோண்டியவர்களும் நம் நாட்டில் குறைவில்லை. பெரும்பாலும் பிட்காயினுக்கான தனி இயந்திரங்கள்தான் என்றாலும், 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை 13,827 இடங்களில் இப்படிச் சட்டவிரோதமாக மின்சாரம் எடுத்ததால் தெனாகா நேஷனலுக்கு ஏறக்குறைய 460 கோடி ரிங்கிட் இழப்பு என்று எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சு நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தது.

என் சித்தி மகன் 2022 இறுதியில் கிள்ளானில் அப்படி ஒரு 3080 வாங்கினான். முதல் தவணைக்கு முன்பே ஓவர்டைம் செய்து சேர்த்த பணம். விற்றவர் வீட்டில் காட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. நான்காவது மாதம் திரையில் கோடு விழுந்தது. நினைவகச் சில்லு போய்விட்டது என்றார் ரிப்பேர் செய்பவர். விற்றவரின் எண் அதற்குள் உபயோகத்தில் இல்லை. கையில் ரசீது இல்லை, ஒரு வாட்ஸ்அப் உரையாடல் மட்டும் இருந்தது. அவன் யாரிடமும் புகார் செய்யவில்லை. செய்திருந்தாலும் வழி குறுகலானது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 வணிகம் செய்பவருக்கும் பயனீட்டாளருக்கும் இடையிலானது. தன் பழைய பொருளை விற்கும் தனிநபர் அதற்குள் வருவதில்லை.

இப்போது இன்னொரு மோசடியும் சேர்ந்திருக்கிறது. சீனாவில் செயற்கை நுண்ணறிவுக்காக 4090 கார்டுகளின் மூளைச் சில்லையும் நினைவகத்தையும் கழற்றி வேறு பலகையில் பொருத்துகிறார்கள். மிஞ்சிய வெறும் கூட்டை மூடி, கார்டு என்று விற்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் வெளிவந்துள்ளன. எடையும் உருவமும் அப்படியே இருக்கும். எனவே ஓடவிட்டுக் காட்டாத பழைய கார்டை வாங்காதீர்கள். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட வேண்டும். பவர் முனையின் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதியதை வாங்கியவர்களும் சோதிக்க வேண்டும். 5090இன் முதல் தொகுதிகளில் சிலவற்றில் படத்தை வரைந்து முடிக்கும் 176 அலகுகளுக்குப் பதில் 168தான் இருந்தன. தொழிற்சாலைக் கோளாறு. பாதிப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவான கார்டுகளில், வேக இழப்பு சராசரி 4 விழுக்காடு, மாற்றித் தரப்படும் என்று 2025 பிப்ரவரியில் என்விடியா ஒப்புக்கொண்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

கல்யாண வீடியோவுக்கு எது போதும்?

நம் சமூகத்தில் இந்தக் கார்டைத் தொழிலுக்காக வாங்குவோரில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற செறிவான முறையில் பதிவு செய்கின்றன. பழைய என்விடியா கார்டுகள் அதை நேரடியாகப் பிரிக்கத் தெரியாமல் திணறின. 50 வரிசைக் கார்டுகள் அதைச் செய்கின்றன. இந்த வசதி 5090க்கு மட்டும் உரியதல்ல. 2025 ஏப்ரலில் 429 டாலர் தொடக்க விலையில் வந்த 16 ஜிபி 5060 டிஐ கார்டிலும் உண்டு. கோயில் மண்டபத்தில் எடுத்த 4கே தாலி கட்டும் காட்சியை வெட்டி ஒட்டி, வண்ணம் சேர்க்க அது போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல லென்ஸோ கூடுதல் விளக்கோ வாங்கலாம். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதும் அவைதாம்.

5090இன் 32 ஜிபி நினைவகம் உண்மையாகவே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டில் ஓட்டிப் பார்ப்பவர்கள், முப்பரிமாண அனிமேஷன் செய்பவர்கள். அவர்கள் குறைவு. முதலாண்டு மாணவருக்கு அந்தத் தேவை வருவதற்குள் அடுத்த வரிசைக் கார்டு வந்துவிடும்.

கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால், 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' சேவைகளையும் ஒழுங்குபடுத்தும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியிருக்கிறது. அது கொடுப்பவரைக் கட்டுப்படுத்தும். தவணையை நாம்தான் கட்ட வேண்டும்.

ரசீது, ஐந்து ரிங்கிட்

பெரும்பாலான பிராண்டுகள் மூன்றாண்டு உத்தரவாதம் தருகின்றன. அதை யார் நிறைவேற்றுவது என்பதில்தான் சிக்கல். உள்நாட்டு விநியோகிப்பாளர் வழி வந்த கார்டு என்றால் இங்கேயே பார்ப்பார்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கியதென்றால், 500 ரிங்கிட் மலிவாகக் கிடைத்த கார்டை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்கும் நிலை வரலாம். வாங்குமுன் விநியோகிப்பாளர் பெயரைக் கேட்டு, பெட்டியிலும் கார்டிலும் உள்ள வரிசை எண் ஒன்றுதானா என்று பார்த்து, அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று மலாயில் எழுதிய அட்டை நம் கடைகளில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டமே தரும் உத்தரவாதம். ஓர் அட்டையைத் தொங்கவிட்டு அதை ரத்து செய்துவிட முடியாது. பழுதான கார்டைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். பிரச்சினை எழுந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. எதிர்த்தரப்புக் கடை வழக்கறிஞரோடு வந்து பயமுறுத்தவும் முடியாது. இணையம் வழியாகவும் மனுவைப் பதிவு செய்யலாம்.

தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள் 'கேஸ்' என்றாலே ஒதுங்குவது எனக்குத் தெரியும். இது கோர்ட்டுக் கேஸ் அல்ல. ரசீது, கார்டின் படம், கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, பழுதைக் காட்டும் ஒரு சிறு வீடியோ. இவ்வளவையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போனால் போதும். கார்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசீதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகள் தரும் வெப்ப அச்சு ரசீது ஒரே ஆண்டில் வெளுத்து வெறும் காகிதமாகிவிடுகிறது.